நாம் எழுதிய கட்டுரையை நம் ஆய்வேட்டிலேயே சேர்த்தால் 'திருட்டு' ஆகுமா? பிஎச்டி மாணவர்களைக் குழப்பும் யுஜிசி விதி சொல்வது என்ன?

"நான் எழுதினதைத்தானே நான் திரும்பப் போடுறேன்... இதுல திருட்டு எங்க இருந்து வந்துச்சு?"

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் ஆய்வு மாணவர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது. நான்கைந்து வருடம் உழைத்து, நடுவில் ஒன்றிரண்டு கட்டுரைகளை ஆய்விதழ்களில் வெளியிட்டிருப்பார்கள். கடைசியில் ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பக்கம் பக்கமாக வண்ணம் அடித்துக் காட்டும். யாருடைய எழுத்து என்று பார்த்தால், அது அவர்களே எழுதிய பழைய கட்டுரை!

திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி வேலூரை அடுத்த சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆய்வு நடப்பது இங்கே, பட்டம் கொடுப்பது அங்கே. சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டுவிட முடியாது. அதனால் விதியில் என்ன இருக்கிறது என்பதை மாணவர்களே தெரிந்து வைத்திருப்பது நல்லது. காரணம், தவறாகப் புரிந்துகொண்டால் பட்டம் தள்ளிப்போவது மட்டுமல்ல, பதிவே ரத்தாகும் அளவுக்குப் போகலாம்.

சொந்த எழுத்தில் என்ன தப்பு?

அடுத்தவர் எழுத்தை எடுத்து நம்முடையது என்று சொல்வது கருத்துத் திருட்டு. அது எல்லோருக்கும் புரியும். நம் எழுத்தையே நாம் திரும்ப எடுப்பதில் யாருக்கு நஷ்டம்?

பழைய வேலையைப் புதுசு என்று காட்டி, ஒரே உழைப்புக்கு இரண்டு முறை மதிப்பு வாங்கும்போதுதான் சிக்கல். அங்கே ஏமாறுவது படிக்கிறவரும் மதிப்பிடுகிறவரும்.

இதற்கு உலக அளவில் அதிகம் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தின் பிரபல பொருளாதார அறிஞர் புருனோ ஃப்ரே, டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது யார் யார் உயிர் பிழைத்தார்கள் என்பது பற்றி இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆய்வு செய்தார். ஏறக்குறைய ஒரே விஷயம், பல ஆய்விதழ்களில் தனித்தனிக் கட்டுரைகளாக வந்தது. ஒன்றில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. 2011இல் அதில் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் டேவிட் ஆட்டர் வெளிப்படையாகக் கண்டித்துக் கடிதம் வெளியிட்டார். ஃப்ரே மன்னிப்பு கேட்டார்.

அங்கே திருடப்பட்ட எழுத்து எதுவும் இல்லை. எல்லாம் அவர்களுடையதுதான். "இதை ஏற்கெனவே வேறு இடத்தில் சொல்லிவிட்டோம்" என்ற ஒரு வரி இல்லாததுதான் பிரச்சினை ஆனது.

2018 விதி என்ன சொல்கிறது?

உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுக்க 2018 ஜூலையில் யுஜிசி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் ஒப்புமை இருக்கிறது என்பதை வைத்து நான்கு நிலைகளை அது பிரித்திருக்கிறது.

நிலை 0: 10 சதவீதம் வரை. தண்டனை இல்லை.

நிலை 1: 10க்கு மேல் 40 சதவீதம் வரை. அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும்.

நிலை 2: 40க்கு மேல் 60 சதவீதம் வரை. திருத்திய ஆய்வேட்டைக்கூட ஒரு வருடத்துக்குச் சமர்ப்பிக்க முடியாது.

நிலை 3: 60 சதவீதத்துக்கு மேல். ஆய்வுப் படிப்புக்கான பதிவே ரத்து.

பட்டம் வாங்கிய பிறகு தெரிய வந்தாலும் விடமாட்டார்கள். விசாரணைக் குழு பரிந்துரைக்கும் காலத்துக்கு அந்தப் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம் என்றும் விதி சொல்கிறது.

எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. உரிய அனுமதியோ ஆதாரக் குறிப்போ கொடுத்து எடுத்தாண்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவற்றுக்கு விலக்கு. தற்செயலாகவோ பொது அறிவாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் அதற்கும் விலக்கு. திருவண்ணாமலை கோயிலைப் பற்றி எழுதும் யாரும் 'வல்லாள மகாராஜா கட்டிய வல்லாள கோபுரம்' என்றுதான் எழுத முடியும். அதை யாரும் திருட்டு என்று சொல்லப் போவதில்லை.

ஒரு சின்ன கணக்கு

ஒரு கற்பனை உதாரணம். கிரிவலப் பாதையில் இருக்கும் சிறு வியாபாரிகளின் பௌர்ணமி வருமானம் பற்றி ஒரு மாணவி ஆய்வு செய்கிறார். 14 கிலோமீட்டர் பாதையில் கடை கடையாக ஏறி இறங்கித் தகவல் திரட்டுகிறார். அதை வைத்து இரண்டு கட்டுரைகள் வெளியிடுகிறார். இரண்டும் சேர்த்து 8,000 சொற்கள்.

பிறகு 60,000 சொற்களில் ஆய்வேடு எழுதுகிறார். அந்த இரண்டு கட்டுரைகளும் 3ஆம், 4ஆம் இயல்களில் அப்படியே வருகின்றன. மென்பொருளில் போட்டால் இந்தக் கட்டுரைகளால் மட்டுமே வரும் ஒப்புமை 13.3 சதவீதம். வேறு யாருடைய ஒரு வரியைக்கூட எடுக்காமலே அவர் நிலை 1க்குள் போய்விடுகிறார்.

அவரே, "இந்த இயல் இந்த ஆண்டு, இந்த இதழில் வெளிவந்த என் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது" என்று இயலின் தொடக்கத்தில் எழுதி, எடுத்தாண்ட இடங்களில் சான்றும் கொடுத்திருந்தால்? ஆதாரக் குறிப்போடு எடுத்தாண்ட பகுதிக்கு விலக்கு உண்டு என்ற விதியைக் காட்டி, அந்த 13.3 சதவீதத்தைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

எழுத்து ஒன்றுதான், சதவீதமும் ஒன்றுதான். ஒளித்தாரா, சொன்னாரா என்பதில்தான் வித்தியாசம்.

விதியிலேயே இருக்கும் ஓட்டை

2018 விதி, கருத்துத் திருட்டு என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் 'பிறருடைய' படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது என்பதுதான். சொந்த எழுத்தைப் பற்றி அந்த விளக்கத்தில் பேச்சே இல்லை. ஆனால் மென்பொருளுக்கு 'பிறர்', 'நான்' என்ற வேறுபாடு தானாகத் தெரியாது. அது எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும், அவ்வளவுதான்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. சுருக்கம், கருதுகோள், அவதானிப்பு, முடிவுகள், பரிந்துரைகள் போன்ற மையப் பகுதிகளில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்கிறது விதி. ஆனால் ஒரு மாணவர் ஆய்விதழில் வெளியிடுவதே அந்த முடிவுகளைத்தானே? ஒரே ஆய்வின் முடிவு கட்டுரையில் ஒன்றாகவும் ஆய்வேட்டில் வேறாகவும் எப்படி இருக்க முடியும்?

இதில் ஓரளவு தெளிவு வந்தது 2020 ஏப்ரல் 20 அன்று. அன்று யுஜிசி வெளியிட்ட பொது அறிவிப்பு, சுய கருத்துத் திருட்டு பற்றி நேரடியாகப் பேசியது. ஏற்கெனவே வெளியான தன் எழுத்தை, போதுமான சான்று கொடுக்காமல், புதியது என்று சொல்லி, கல்வி சார்ந்த ஆதாயத்துக்காக மறுபடி பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம்.

அதே கட்டுரையை இன்னொரு இதழில் போடுவது, ஒரு பெரிய ஆய்வைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரைகளாகக் காட்டுவது, பழைய தரவையே மறுபடி பயன்படுத்துவது என்று அறிவிப்பு ஒரு பட்டியலும் கொடுத்தது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை ஒன்றுதான்: 'உரிய, முழுமையான சான்று இல்லாமல்'. அதாவது மறுபயன்பாட்டை யுஜிசி தடை செய்யவில்லை. சொல்லாமல் செய்வதைத்தான் தடை செய்திருக்கிறது.

வார்த்தையை மாத்திட்டா தப்பிச்சிடலாமா?

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்.

சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பதற்றத்தில், தங்கள் பழைய கட்டுரையையே உட்கார்ந்து வேறு வார்த்தைகளில் மாற்றி எழுதுகிறார்கள். 'வருமானம் உயர்ந்தது' என்பதை 'ஈட்டிய தொகை அதிகரித்தது' என்று மாற்றுவது, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது என்று வேலை நடக்கும். காசு கொடுத்தால் சதவீதத்தைக் குறைத்துத் தருவதாக இணையத்தில் விளம்பரங்களும் வருகின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது.

ஆனால் 2020 அறிவிப்பின் பட்டியலில் ஒன்று, சொந்தக் கட்டுரையை மாற்றி எழுதி, மூலத்துக்குச் சான்று கொடுக்காமல் விடுவது. அதாவது, மென்பொருளிடமிருந்து தப்பிக்க மாணவர் செய்யும் அந்த வேலைதான் யுஜிசி பார்வையில் தவறு. அப்படியே போட்டுச் சான்று கொடுத்தவரின் சதவீதம் அதிகமாகத் தெரியும், ஆனால் அவர் நேர்மையாக நடந்திருக்கிறார். மாற்றி எழுதி மறைத்தவரின் சதவீதம் 4 என்று வரலாம், ஆனால் விதியை மீறியிருக்கிறார்.

இதில் நஷ்டம் ஆய்வுக்கும்தான். கவனமாக எழுதிய ஒரு வரையறையை வார்த்தை மாற்றுவதற்காகவே மாற்றினால் பொருள் பிசகும்.

வெளியிடச் சொன்னதே யுஜிசிதானே?

நியாயமான கேள்வி. 2016 விதிமுறைப்படி, பிஎச்டி மாணவர் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரையை ஆய்விதழில் வெளியிட வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் 'வெளியிடு' என்றார்கள், இன்னொரு பக்கம் வெளியிட்டதையே மென்பொருள் சுட்டிக்காட்டியது.

2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இருந்தாலும் நடைமுறையில் கட்டுரை வெளியிடும் தேவை போகவில்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அந்த நிபந்தனையை வைத்துக்கொள்ளலாம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. அதனால் இந்தச் சிக்கல் இப்போதைக்குத் தீரப்போவதில்லை.

எம்.ஃபில். ஆய்வை பிஎச்டியில் சேர்க்கலாமா?

இதை வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். எம்.ஃபில். படிப்பை 2022 விதிமுறை நிறுத்திவிட்டாலும், அதை முடித்துவிட்டு அதே தலைப்பை விரிவாக்கி பிஎச்டி செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆய்வேட்டின் முன்பக்கங்களில் மாணவர் கையெழுத்திடும் உறுதிமொழியை எடுத்துப் பாருங்கள். இந்த ஆய்வு இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்துக்கும் அடிப்படையாக அமையவில்லை என்ற வாசகம் வழக்கமாக அதில் இருக்கும். ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டால் பட்டம் கிடைப்பதில்லை. ஆனால் எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியாகிவிட்டது. அதன் பக்கங்களை பிஎச்டியில் அப்படியே வைத்துவிட்டு அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும்.

பாதுகாப்பான வழி, எம்.ஃபில். ஆய்வை ஒரு முந்தைய ஆய்வாகக் கருதி, அதன் முடிவுகளைச் சுருக்கமாகச் சான்றோடு சொல்லிவிட்டு, பிஎச்டியில் புதிதாகச் செய்தது என்ன என்று பிரித்துக் காட்டுவதுதான்.

நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை யாருடையது?

அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரையில் நெறியாளர், சக மாணவர்கள் என நான்கைந்து பெயர்கள் இருக்கும். அதில் 'என் எழுத்து' எது? ஒரே கட்டுரையை இரண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளில் சேர்த்தால் என்ன ஆகும்?

இங்கே சான்று மட்டும் போதாது. சோதனையைச் செய்தது யார், தரவைப் பகுப்பாய்வு செய்தது யார், எழுதியது யார் என்ற பங்களிப்புக் குறிப்பு வேண்டும். மற்ற ஆசிரியர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நெறியாளரோடு பின்னால் மனக்கசப்பு வந்தாலும் அந்தக் காகிதம் பேசும்.

பதிப்புரிமை தனி விஷயம்

நேர்மை வேறு, சட்டம் வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி பொதுவாக எழுதியவர்தான் முதல் உரிமையாளர். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. கட்டுரையை ஏற்கும்போது ஆய்விதழ் அனுப்பும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், உரிமை பதிப்பகத்துக்குப் போயிருக்கலாம்.

எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர் போன்ற பெரிய பதிப்பகங்கள், ஆசிரியர் தன் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. சிறிய இதழ்களில் இப்படித் தெளிவான விதி இல்லையென்றால், ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கிவிடலாம். பட்டம் கிடைத்த பிறகு ஆய்வேடு இன்ஃபிளிப்நெட் மையத்தின் 'ஷோத்கங்கா' தளத்துக்குப் போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

தமிழ் ஆய்விதழ்களில் பலவும், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளும் இணையத்தில் தேடக்கூடிய வடிவில் இல்லை. சில அச்சில் மட்டுமே இருக்கும், சில பழைய எழுத்துருக்களில் இருக்கும். இவற்றை மென்பொருள் பிடிக்காமல் போகலாம். ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையைத் தமிழாக்கி ஆய்வேட்டில் வைத்தாலும் மாட்டாமல் போக வாய்ப்பு உண்டு.

"பிடிக்கலையே, அப்போ சரிதானே?" என்று நினைத்தால் அது தவறு. விதி கேட்பது சான்று. மென்பொருள் ஒரு கருவி மட்டும்தான். வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் அந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்து கட்டுரையைக் கேட்டவராகவே இருக்கலாம்.

வெளிநாடுகளில் எப்படி?

சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் வெளியான கட்டுரைகளைத் தொகுத்து, முன்னால் ஒரு நீண்ட அறிமுகம் சேர்த்து, அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுப்பது பல துறைகளில் சாதாரணம். அங்கே யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. எது எங்கே வெளிவந்தது என்று முதல் பக்கங்களிலேயே எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி மாஸ்கோவிட்ஸ் தலைமையிலான ஆய்வுத் திட்டம் ஒன்று, இந்த விஷயத்தையே தனியாக எடுத்து ஆராய்ந்தது. சொந்த எழுத்தை மறுபடி பயன்படுத்துவதையும் அடுத்தவர் எழுத்தைத் திருடுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, இதில் நியாயமானதும் உண்டு, தவறானதும் உண்டு என்பது அதன் அணுகுமுறை.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறையை வாங்கிப் படியுங்கள். எத்தனை சதவீதம் வரை அனுமதி, சொந்தக் கட்டுரைக்கு விலக்கு உண்டா என்பதை இடத்துக்கு இடம் வேறு மாதிரி வைத்திருப்பார்கள்.

ஆய்வேட்டின் முன்பக்கத்தில் உங்கள் வெளியீடுகளின் பட்டியலைக் கொடுத்து, எந்தக் கட்டுரை எந்த இயலில் வருகிறது என்று எழுதுங்கள். அந்தந்த இயலின் தொடக்கத்திலும் ஒரு வரி சேருங்கள்.

ஒப்புமை அறிக்கை எடுக்கும்போது இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து, இன்னொன்று உங்கள் கட்டுரைகளை மட்டும் நீக்கி. குறிப்பிட்ட மூலத்தை நீக்கிப் பார்க்கும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. இரண்டு அறிக்கையையும் நெறியாளரின் கையெழுத்தோடு இணைத்துக் கொடுத்தால், பிறகு யாரும் மறைத்ததாகச் சொல்ல முடியாது.

குற்றச்சாட்டு வந்துவிட்டால் பயந்து ஒதுங்க வேண்டாம். துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என இரண்டு அடுக்கு விசாரணைக்கு 2018 விதி வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழுவும் 45 நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். இயற்கை நீதிப்படி, அதாவது உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான், முடிவெடுக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தண்டனை கொடுப்பது அந்த விதியின் நோக்கமே இல்லை.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும்?

மாணவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. 'மாணவரின் சொந்த வெளியீடுகள், சான்று கொடுக்கப்பட்டிருந்தால், ஒப்புமைக் கணக்கில் சேராது' என்ற ஒரு வரியை விதிமுறையில் எழுதி வைக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அந்த வரி இல்லாத இடத்தில், எண்ணைப் பார்த்தே முடிவு சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. அப்போது உண்மையைச் சொன்ன மாணவர் 6 மாதம் காத்திருப்பார், காசு கொடுத்து வார்த்தையை மாற்றியவர் வாய்மொழித் தேர்வுக்குப் போய்விடுவார்.

கிராமத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறி வந்து, குடும்பத்தில் முதல் ஆளாக ஆய்வு செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்த 6 மாதம் சாதாரண விஷயமில்லை. வேலை அறிவிப்பு ஒன்று கைநழுவிப் போக அந்தக் காலம் போதும். "எங்கே எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்" என்று அவர் எழுதிய வரியைப் படித்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலையை மென்பொருளிடம் விட்டுவிட முடியாது.